வரப்புப் புல்லை மொட்டையடிக்க வேண்டாம்

கோவையை அடுத்த சரவணம்பட்டி 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. சத்தி சாலையின் இருபுறமும் கல்லூரிகளும் கணினி நிறுவனங்களும் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. ஆயினும் கீரணத்தம், கோவில்பாளையம் பக்கம் திரும்பினால் தென்னந்தோப்பும் சோளக்காடும் காய்கறித் தோட்டமும் இன்னும் கண்ணில் படுகின்றன. அங்கே இரண்டு மூன்று ஏக்கரை வைத்துப் பாடுபடும் சிறு விவசாயிக்குத் தண்ணீருக்கு அடுத்த பெருங்குறை வேலையாள்தான். களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், வரப்புப் புல்லை வெட்டக் கூலி கொடுத்துக் கட்டுபடியாவதில்லை.

இந்நிலையில் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் 'பிரஷ் கட்டர்' இயந்திரம் தோட்டங்களுக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஒரு நாள் முழுவதும் குனிந்து செய்ய வேண்டிய வேலையைச் சில மணி நேரத்தில் நின்றபடியே முடித்துவிடலாம். ஆனால் இதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. புல்லைக் குறைப்பதற்கு உதவும் கருவியைக் கொண்டு மண்ணையே சுரண்டி எடுப்பது இன்று பல தோட்டங்களில் வழக்கமாகி வருகிறது. இது நல்லதன்று.

புல் வெட்டவே பிறந்த கருவி

நைலான் நரம்பால் புல் வெட்டும் முறை 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தோன்றியது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்த ஜார்ஜ் பாலாஸ் என்பவர், ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டுப் பார்த்தார். வீட்டுப் புல்தரையில் உருளை இயந்திரம் எட்டாத மரத்தடியிலும் சுவரோரத்திலும் புல்லைக் கத்தரிப்பதே அவர் நோக்கம். நரம்பு மெல்லிய புல்லை அறுக்கும், வேரைப் பிடுங்காது. ஆகவே களையை அடியோடு ஒழிக்கும் கருவியாக இதை எண்ணுவது தவறு.

புல் பகையன்று

"காட்டைப் பாருங்க, பில்லு மொளச்சுக் கெடக்குது" என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சியே பலர் வரப்பை மொட்டையடிக்கிறார்கள். சுத்தமான வரப்பே நல்ல விவசாயிக்கு அடையாளம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பயிருக்குள் இருக்கும் களை வேறு, வரப்பில் இருக்கும் புல் வேறு. பயிருக்குள் இருப்பது நீரையும் உரத்தையும் பங்கு போடுகிறது. வரப்பில் இருக்கும் அறுகு போன்ற புற்களோ தம் வேர்களால் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன.

கோவைப் பகுதியின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குறுகிய காலத்தில் கொட்டித் தீர்க்கிறது. வெறும் வரப்பில் அந்த மழை விழுந்தால் ஓரம் கரைந்து மேல்மண் வாய்க்காலுக்குப் போய்விடும். அதன்பின் வரப்பு கட்டவும் வாய்க்கால் தூர் வாரவும் இரண்டு கூலி. புல்லின் அருமை கொங்கு விவசாயிக்குப் புதிதன்று. காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து மாடு மேய்க்கும் கொறங்காடுகள் இன்றும் இருக்கின்றன. அங்கே பேணப்படும் புல்லை இங்கே வரப்பில் ஏன் ஒழிக்க வேண்டும்?

களைக்கொல்லி தெளித்து வரப்பைக் காயவிடுவது இதைவிடத் தீமையானது. கிளைபோசேட் மருந்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டதை விவசாயிகள் நினைவில் கொள்ள வேண்டும். இயந்திரத்தால் அளவாக வெட்டினால் இத்தகைய மருந்துக்கு வரப்பில் தேவையே இராது.

எவ்வளவு உயரம், எப்போது?

வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தரையிலிருந்து 4 அங்குல உயரம் புல்லை விட்டு வெட்டினால் போதும். வீட்டு முன்புறப் புல்தரையாயின், இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் குறைக்கக் கூடாது. மிகவும் ஒட்ட வெட்டினால் புல் வாடும். வெற்றிடத்தில் வேறு களைகள் வந்து புகும்.

களைகள் பூத்து விதை பிடிக்கும் முன்பே வெட்ட வேண்டும். விதை முற்றிய பிறகு வெட்டினால், நாமே நைலான் நரம்பால் விதையைத் தூவியவர்களாவோம். பார்த்தீனியம் வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். அதை மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன், கையுறை அணிந்து வேருடன் பிடுங்குவதே வழி. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. மேலே வெட்டுவதால் மட்டும் அது ஒழியாது.

வெட்டும் முறை

நரம்பின் நுனிதான் அறுக்கிறது. சுழலும் தலையைப் புல்லுக்குள் அழுத்தினால் நரம்பு தேய்ந்து அறுவதோடு இயந்திரமும் சூடாகும். முதலில் வேகம் கொடுத்து, பிறகு நுனியைப் புல்லில் பட வைக்க வேண்டும். உயர்ந்த புல்லை மேலிருந்து கீழாக இரண்டு மூன்று தடவையில் குறைக்கலாம்.

நேர்த்தண்டு உள்ள இயந்திரங்களில், மேலிருந்து பார்த்தால், தலை பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுழலும். அப்படியாயின் வலமிருந்து இடமாக வீசி வெட்டினால், வெட்டிய புல் இடப்புறம் ஒதுங்கி விழும். நரம்பைப் பூட்டும் முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் எளிதில் ஒடியாது. கையேட்டில் சொன்னதைவிடத் தடித்த நரம்பைப் போடுவது எஞ்சினுக்குச் சுமை. சீமைக் கருவேலத் துளிர் போன்ற கட்டையான செடிகளுக்கு உலோகத் தகடு தேவை. கல் கிடக்கும் இடத்தில் தகட்டைப் போடுவது ஆபத்து.

மரத்தின் பட்டை பத்திரம்

கன்றுகளுக்கு இந்த இயந்திரத்தால் வரும் தீங்கு பலருக்குத் தெரிவதில்லை. இலையில் தயாராகும் உணவு, மா, எலுமிச்சை போன்ற மரங்களில் பட்டையின் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. நரம்பு தண்டைச் சுற்றி ஒரு வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால், சில வாரம் பச்சையாக நின்ற கன்று பிறகு காரணம் தெரியாமல் பட்டுப்போகும். கறிவேப்பிலை, கொய்யாவுக்கும் இது பொருந்தும். எனவே கன்றைச் சுற்றி ஓரடி இடத்தைக் கையால் களைந்து, வெட்டிய விதையற்ற புல்லையே தண்டில் ஒட்டாமல் மூடாக்காகப் பரப்ப வேண்டும். ஈரமும் நிற்கும், இயந்திரமும் கன்றின் அருகே போகத் தேவையிராது. சொட்டுநீர்க் குழாய் கிடக்கும் பாத்தியில், குழாயை ஒதுக்கிவிட்ட பிறகே இயந்திரத்தை எடுக்க வேண்டும்.

ஆளின் பாதுகாப்பு

நரம்பின் மேலுள்ள தடுப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். காலுக்கும் கண்ணுக்கும் காவல் அதுதான். நரம்பின் நீளத்தை அளவாக வைப்பதும் அதிலுள்ள சிறு கத்திதான். தெறிக்கும் ஒரு சிறு கல் ஒரு கண்ணைக் கெடுத்துவிடப் போதும். கண்ணாடி, காலணி, முழுக்கால் சட்டை, காதடைப்பு ஆகியவை இன்றி இயந்திரத்தைத் தொடக் கூடாது. பிள்ளைகளும் மாடுகளும் 15 மீட்டருக்கு அப்பால் நிற்கட்டும். வெட்டும் முன் கல், கம்பி, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும். நரம்பில் சுற்றிய புல்லை, எஞ்சினை நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினாயின் கையேடு கூறும் அளவில் பெட்ரோலுடன் அதற்குரிய ஆயிலைக் கலக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுடன் ஆயில் கலக்கக் கூடாது. ஆயிலைத் தனியாக ஊற்ற வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவது தீயை வரவழைப்பதாகும். வெகுநாள் வைத்திருக்கப் போவதாயின் டாங்கியைக் காலி செய்துவிட வேண்டும். காற்று வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்தால் எஞ்சின் நீடித்து உழைக்கும்.

அரிவாளும் வேண்டும்

இயந்திரம் வந்ததும் அரிவாளைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. நைலான் நரம்பு தேய்ந்து சிறு சிறு துணுக்குகளாகப் புல்லில் கலக்கிறது. அந்தப் புல்லை மாட்டுக்குப் போடுவது சரியன்று. எனவே தீவனத்திற்கு வேண்டிய புல்லை முதலில் அரிவாளால் அறுத்துக்கொண்டு, மீதியையே இயந்திரத்திற்கு விட வேண்டும்.

இரண்டு ஏக்கர் விவசாயி தனக்கென ஓர் இயந்திரம் வாங்குவது தேவையற்ற முதலீடு. ஆண்டில் பெரும்பகுதி அது சாளையில் தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, எரிபொருளை அவரவர் போட்டுக்கொண்டு பயன்படுத்தலாம். வாங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானிய விவரத்தைக் கேட்டறிவது நல்லது.

கூலியாள் பற்றாக்குறை தீரப் போவதில்லை. இயந்திரம் தவிர்க்க முடியாதது. ஆனால் கூலியை மிச்சம் பிடிக்க வாங்கிய இயந்திரத்தால் மண்ணை இழப்பது லாபமாகாது. வரப்பில் நான்கு அங்குலப் புல் நிற்பதைக் கண்டு கேலி பேசுவோர் பேசட்டும். அடுத்த ஐப்பசியில் எந்த வரப்பு கரையாமல் நிற்கிறது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.