ஆசிரியரா, அரசின் எடுபிடியா?

செப்தம்பர் 5 என்றதும் ஆசிரியர் நாள் என்று மாலையும் பொன்னாடையுமாய் நாடே முழங்குகின்றது. பொன்மலைக்கோ அந்நாள் குருதி தோய்ந்த நாள். 1946இல் தொடர்வண்டித் தொழிலாளர் ஐவர் அங்கே காவற்படையின் குண்டுக்கு இரையாயினர். உழைப்புக்கும் ஓர் எல்லை உண்டென்பதைத் தொழிலாளர் நெடிது போராடியே ஒப்பவைத்தனர். 1948ஆம் ஆண்டுத் தொழிலகச் சட்டம் நாளுக்கு 9 மணி, கிழமைக்கு 48 மணி என வரம்பு கட்டியது. மிகைவேலைக்கு இருமடங்குக் கூலி என்றது. பணிமனைச் சங்கு ஊதினால் தொழிலாளர் வீடு திரும்பலாம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு எந்த மணியும் அப்படி அடிப்பதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் அவர்க்குக் கிழமைக்கு 45 மணி என வகுத்தது. பாட முன்னேற்பாடும் அதனுள் அடக்கம். முதல் ஐந்து வகுப்புகட்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி கற்பித்தல். நாளுக்கு 4 மணியே. எஞ்சிய பொழுது எதற்கு? பாடத்தை ஆய்வதற்கு, ஏடு திருத்துவதற்கு, பின்தங்கிய குழந்தையை அருகிருத்தி ழகரம் பழக்குவதற்கு. அப்பொழுதைத்தான் சூறையாடுகின்றனர். வருகையைச் செயலியில் ஏற்று! மாணாக்கர் குறிப்புகளை இணையத்தளத்தில் நிரப்பு! விலையில்லாப் பொருள்கட்குக் கணக்கெழுது! ஈராசிரியர் பள்ளியில் எழுத்தர் ஏது?

கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை ஏவலாகாது என்கிறது அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு. உடனே மக்கட்டொகைக் கணக்கெடுப்பு, பேரிடர்த் துயர்துடைப்பு, தேர்தல் என மூன்று வாயில்களைத் திறந்தும் வைக்கின்றது. வாக்காளர் பட்டியல் வேலையையும் தேர்தல் வேலையையும் விடுமுறையிலும் பாடமில்லா நாளிலும் வாங்கிக்கொள்க என்றது 2007இல் உச்ச நயன்மன்றம். பாடம் தப்பியது, ஓய்வு பறிபோயிற்று! 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தம் தொடங்கியபோது, படிவக் கட்டுகளோடு வீடுவீடாய் அலைந்தோருள் ஆசிரியரும் இருந்தனர்.

தனியாள் அமர்த்த அரசால் இயலாதாம்! 1982 சூலை 1 அன்று, பொன்மலைக்கு அணித்தேயுள்ள பாப்பாக்குறிச்சியில் ம.கோ.இராமச்சந்திரனார் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுப்பூதும் வேலை ஆசிரியர் தலையில் விழவில்லை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனத் தனிப்பணியாளரே அமர்த்தப்பெற்றனர். சோற்றுக்கு இயன்றது ஏட்டுக்கு ஏன் இயலாது? அருகருகுள்ள நான்கைந்து பள்ளிகட்கு ஓர் எழுத்தர் போதுமே.

இஃது ஆசிரியர்தம் களைப்பு மட்டுமன்று. அரசுத் தொடக்கப்பள்ளியே தமிழ்வழிக் கல்வியின் நாற்றங்கால். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதத் தடுமாறினால், பெற்றோர் ஆசிரியரின் பதிவேட்டுச் சுமையையா எண்ணிப் பார்ப்பர்? தமிழ்வழியையே பழித்துவிட்டு, கடன்பட்டேனும் ஆங்கிலவழிப் பள்ளியின் வாயிலில் போய் நிற்பர்.