கும்பல் கொடுப்பது நீதியா?

"குழந்தை பிடிக்கிறவனுக்குக் கோர்ட் எதற்கு, வக்கீல் எதற்கு? அகப்பட்ட இடத்திலேயே தீர்த்துக் கட்டு!" இப்படிப் பேசுவது வீரமாகிவிட்டது. கைதியைப் போலீஸ் அதிகாரி சுட்டுத் தள்ளும் படங்களுக்குக் கொட்டகையில் விசில் பறக்கிறது.

இந்த வீரர்கள் ஒரு பழைய ஜெர்மன் படத்தைப் பார்க்கட்டும். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வெளிவந்த அதே 1931ல் பிரிட்ஸ் லாங் எடுத்த முதல் பேசும்படம் அது, பெயர் 'எம்'. பெர்லினில் ஒருவன் குழந்தைகளைக் கொல்கிறான். ஆள் அகப்படவில்லை. ஊரே ஒருவரையொருவர் சந்தேகிக்கிறது. தெருவில் ஒரு சிறுமி கிழவர் ஒருவரிடம் மணி கேட்கிறாள், அவர் சொல்கிறார். அவ்வளவுதான், கொலைகாரன் இவனே என்று கும்பல் சூழ்ந்துவிடுகிறது!

உண்மைக் கொலைகாரனைப் பிடிப்பவர்கள் யார்? திருடர்கள்! குழந்தைகள் மீது இரக்கமா? இல்லை. போலீஸ் சோதனையால் அவர்கள் தொழில் படுத்துவிட்டது. அவர்களே கோர்ட்டும் நடத்துகிறார்கள். தீர்ப்புச் சொல்லும் தலைவனோ மூன்று கொலைகளுக்காகத் தேடப்படுகிறவன்!

அப்போது ஜெர்மனியில் வேலையில்லாத் திண்டாட்டம். 1932 தொடக்கத்தில் 60 லட்சம் பேர் வேலையின்றி நின்றார்கள். முதலாளிகள் மீது திரும்ப வேண்டிய கோபத்தை யூதர் மீதும் கம்யூனிஸ்டுகள் மீதும் திருப்பிவிட்டு, 1933ல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தான். 1934ல் 'எம்' தடை செய்யப்பட்டது. கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரி யூதர். முன்பே நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். 1940ல் நாஜிகள் அவர் நடித்த காட்சியை வெட்டித் தங்கள் யூத வெறுப்புப் படத்தில் ஒட்டி, யூதர் குணமே இதுதான் என்று காட்டினார்கள். நடிப்பையே சாட்சியமாக்கிய அயோக்கியத்தனம்!

ஜெர்மனி எங்கே, நாம் எங்கே என்கிறீர்களா? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்தது என்ன? குலதெய்வம் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கும்பல் அவரை அடித்தே கொன்றது.

காஞ்சிபுரத்து மக்களே! கோயிலுக்கு வழி கேட்டு அந்நியர் வராத நாள் நம் தெருக்களில் உண்டா? பிழைப்புக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளி நம் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதா? தறியில் இழை அறுந்தால் எந்த இழை என்று பார்த்துப் பிணைக்கிறோம்; பாவையே வெட்டி எறிவதில்லை. மனித உயிருக்கு அந்த நிதானம்கூட வேண்டாமா?

குழந்தைகளைக் காக்க வேண்டும். குற்றவாளியைத் தண்டிக்கவும் வேண்டும். அதற்குப் புலன் விசாரணை வேண்டும், சாட்சியம் வேண்டும், கோர்ட் வேண்டும். வதந்தி வந்தால் பரப்பாதீர்கள். கும்பல் கூடினால் குறுக்கே நில்லுங்கள்!