குழந்தைக் கண்புரையும் குடும்பத்தின் கடமையும்

வாளையாற்றைக் கடந்து கோயம்புத்தூருக்கும், குமுளி மலையிறங்கித் தேனிக்கும் கண் மருத்துவம் நாடி வருவோருள் கைக்குழந்தையை ஏந்திய தாய்மாரும் உளர். குழந்தையின் கண்மணி வெளுத்திருந்தால் பழியைத் தாயின்மீது சுமத்துவது நம்மவர் வழக்கம். அறிவியல் அதனை ஒப்புவதில்லை.

கண்வில்லையின் தெளிவு கிரிஸ்டலின் என்னும் புரதங்களால் அமைவது. அவற்றுக்குரிய மரபணுக்கள் கருவிலேயே செயற்படத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்றில் சிறு பிழை நேரினும் புரதம் திரண்டு வில்லை மங்கக்கூடும். மரபுவழிக் கண்புரையிற் பெரும்பாலும் பெற்றோருள் ஒருவரது பிழையே போதுமானது. அப்போது ஒவ்வொரு மகவுக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டுமே தோன்றும் வகையில் அது நான்கில் ஒன்று. உறவுத் திருமணம் இவ்வகையை மிகுவிக்கிறது. தாய் கருவுற்றிருக்கையில் தாக்கும் ருபெல்லா அம்மையும் வேறொரு காரணமாகும். அதனைத் தடுப்பூசியால் தவிர்க்கலாம்.

ஆதலின் குழந்தையோடு பெற்றோர், உடன்பிறந்தோர் கண்களையும் சோதித்தல் வேண்டும். தம் கண்ணில் சிறு புரை இருப்பதை அறியாத பெற்றோரும் உண்டு. 2013-இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவிக் கண்புரையையும் சோதனையில் சேர்த்துள்ளது. ஆயினும் ஒரே குடும்பத்தின் கிளைகள் மலையின் இருபுறமும் வாழும் இப்பகுதியில், ஒரு மாநிலத்தில் எழுதப்படும் குறிப்பு மற்றதற்கும் எட்டுதல் இன்றியமையாதது. இரு கண்களையும் மறைக்கும் அடர்ந்த புரையை முதலிரு மாதங்களில் அகற்றாவிடின், மூளை பார்க்கப் பழகும் பருவம் வீணாகிவிடும். எல்லைக்கோட்டுக்காக அக்காலம் காத்திராது.