குளிசை மட்டும் போதாது, குழாயில் தண்ணீரும் வேண்டும்

"வயிற்றைக் குத்துது" என்று பிள்ளை அழுதால், "இனிப்புத் தின்னாதே, பூச்சி வரும் என்று சொன்னேனே" என்பார்கள் எங்கள் வீடுகளில். பூச்சி இனிப்பிலிருந்து வருவதில்லை. ஒருவரின் மலத்தோடு வெளியேறிய முட்டை மண்ணிலும் கீரையிலும் கழுவாத கையிலும் ஒட்டி, இன்னொருவரின் வாய்க்குள் போவதாலேயே பெரும்பாலும் வருகிறது. ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டைகள் வரை இடும். ஈர மண்ணில் அவை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும்.

2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, இலங்கையின் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவருக்கே இந்தப் புழுத் தொற்று. நகரச் சேரிப்புறங்களில் அது 2.7 சதவீதம், தோட்டப் பகுதிகளில் 9 சதவீதம். நாட்டுச் சராசரியைக் காட்டி ஆறுதல் கொள்ள முடியாது. கொழும்பின் கொட்டாஞ்சேனையில் பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பகிரும் ஒழுங்கைகளிலும், வெள்ளவத்தை மாடிவீடுகளுக்கு அப்பால் கால்வாய்க் கரையிலும் வளரும் பிள்ளைகள் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகிறார்கள்.

புழு பிள்ளையின் உணவையும் இரத்தத்தையும் பங்கு கேட்கிறது. சோகை, சோர்வு, படிப்பில் கவனமின்மை என்று பாதிப்பு நீளும்.

பூச்சிக் குளிசை நல்லதுதான், ஆனால் அது வயிற்றிலிருக்கும் புழுவை மட்டுமே வெளியேற்றும். 2012-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்து கொடுத்த 12 மாதங்களில் உருளைப்புழுத் தொற்று பழைய அளவின் 94 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தது. இந்தப் பாடம் எங்களுக்குப் புதிதல்ல. 1916-ல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கியது. மலசலகூடம் இல்லாத இடங்களில் நோய் திரும்பியது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகத்தான் 1926-ல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு உருவானது.

ஆகவே கேட்கிறோம். பாடசாலை மலசலகூடங்களின் பக்கத்திலேயே தண்ணீரும் சவர்க்காரமும் ஒரு நாளும் தவறாமல் இருக்கட்டும். அதைக் கவனிக்கப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பொறுப்பேற்கட்டும். பொது மலசலகூடம் ஒன்றை எத்தனை குடும்பங்கள் பாவிக்கின்றன என்று கொழும்பு மாநகர சபை கணக்கெடுத்து வெளியிடட்டும்; உடைந்தவற்றைத் திருத்தட்டும். பாடசாலையில் குளிசை கொடுக்கும்போது, வீட்டிலிருக்கும் முன்பள்ளிப் பிள்ளைகளையும் சுகாதார உத்தியோகத்தர்கள் தேடிப் போகட்டும்.

பெற்றோரே, நகம் வெட்டுங்கள், கை கழுவப் பழக்குங்கள், கீரையை நன்றாக அலசுங்கள். ஆனால் தண்ணீர் வராத குழாயடியில் பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தக் குழாயில் தண்ணீர் வரச் செய்ய வேண்டியவர்களிடம் போய்க் கேளுங்கள்.