‘நாலு பேர் பிடிங்க’

அரசு மருத்துவமனை வார்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் குரல் பழக்கம்: “ஆம்பளைங்க நாலு பேர் வாங்க, வந்து பிடிங்க.” ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு, அங்கிருந்து ஸ்கேன் மேஜைக்கு. பக்கத்துக் கட்டில்காரரின் மகனும் ஒரு கை கொடுப்பார். இதற்குப் பயிற்சி வேண்டாமா என்றால், “ஆளைத் தூக்குறதுக்கு என்னங்க படிப்பு? உடம்புல தெம்பு இருந்தா போதாதா?” என்பார்கள். உறவினர்கள் மட்டுமல்ல, மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். போதவே போதாது. தெம்பை மட்டும் நம்பித் தூக்குவதில் கட்டிலில் கிடப்பவர் உடம்பும் கெடுகிறது, தூக்குகிறவர் உடம்பும் கெடுகிறது.

என் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவரை உட்கார வைக்க இரண்டு பேர், ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். நல்ல இளைஞர்கள், அன்போடுதான் செய்தார்கள். அப்பா முனகினார். வியாதியின் வலி என்று நினைத்துக்கொண்டோம். சில நாள் கழித்து வந்த பிசியோதெரபிஸ்ட், சட்டையை விலக்கி, தோள் எலும்பின் நுனிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். ஒரு விரல் அப்படியே பதிந்தது. பக்கவாதத்தில் தோளைச் சுற்றியுள்ள தசை தளர்ந்துபோகும். தொங்கும் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கும். தூக்கியதால்தான் மூட்டு விலகியது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் விலகக் காத்திருந்த மூட்டில்தான் அப்பாவின் எடையைத் தொங்கவிட்டிருக்கிறோம். “அவங்களைக் குறை சொல்லாதீங்க. யாரும் சொல்லித் தரலை” என்றார்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா ஐம்பது கிலோகூட இல்லை. அப்பாவின் நல்ல பக்கமாக வீல்சேரைக் கட்டிலோடு ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, பிரேக் போடச் சொன்னார். கால் வைக்கும் பலகையை மடக்கினார். அப்பாவைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ஊன்ற வைத்தார். “ஐயா, மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னால குனிங்க.” அம்மாவின் கை அப்பாவின் இடுப்புப் பட்டையில், அம்மாவின் முழங்கால், விழுந்த காலின் முட்டிக்கு முட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. அப்பா எழுந்துவிட்டார். அம்மா தூக்கவே இல்லை.

இனி, தூக்குகிறவர்கள் கதை. நல்ல பிடியுள்ள பெட்டியை உடம்போடு அணைத்து, எல்லாம் சாதகமாக இருக்கும்போது தூக்கினால்கூட 23 கிலோதான் எல்லை என்று 1991-இல் கணக்கிட்டது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம். மனிதருக்குப் பிடி ஏது? நடுவில் நழுவுவார், பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வார். அதனால் நோயாளி என்றால் ஏறத்தாழ 16 கிலோதான் என்று 2007-இல் எழுதினார் அதே நிறுவனத்தின் தாமஸ் வாட்டர்ஸ். மனிதக் கால் ஒன்றின் எடை உடம்பின் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு. அறுபது கிலோக்காரரின் இரண்டு கால்களையும் ஏந்திப் பிடித்து டயப்பர் மாற்றும் ஆயாம்மா, ஆளைத் தூக்குவதற்கு முன்பே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

எனவே, “முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு” என்று வேலையில் சேரும்போது ஒரு மணி நேரம் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குவதைப் பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த நிலையில் நின்றாலும் அறுபது கிலோ பதினாறு ஆகாது. எப்போது தூக்கவே கூடாது என்று தெரிவதுதான் பயிற்சியின் முதல் பாடம். நோயாளி தானாக எவ்வளவு செய்வார் என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாதவரை நகர்த்த, உடம்புக்கும் படுக்கைக்கும் நடுவே வழுக்குத் துணி வேண்டும். வெறுமனே இழுத்தால் பிட்டத்துத் தோல் உரசி, படுக்கைப்புண்ணுக்கு வழியாகும். எழவே முடியாதவருக்குத் தூக்கும் இயந்திரம். பிரிட்டன் 1992-இல் கொண்டுவந்த விதிகளும் ஆபத்தான தூக்குதலை முடிந்தவரை தவிர்க்கத்தான் முதலில் சொல்கின்றன. காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தைத் தொழிலாளியிடம் தூக்கச் சொல்லக் கூடாது என்று நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1948-இலேயே, 34-ஆம் பிரிவில் எழுதியது. ஆலையில் மூட்டை தூக்குகிறவரின் முதுகுக்கு இருந்த அந்தக் கவலை வார்டுக்கு ஏன் வரவில்லை?

நேரமில்லை என்பார்கள். பிரேக் போட்டு, பாதத்தை ஊன்ற வைத்து, “இப்போ எழுப்பப் போறோம்” என்று நோயாளியிடம் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? ஓடிப்போய் நாலு பேரைத் தேடிப் பிடிக்க அதைவிட அதிக நேரம் ஆகிறது.

அப்பாவின் வார்டில் ஒரு ஆயாம்மா, சேலைக்கு மேல் இடுப்பு பெல்ட் கட்டியிருப்பார். அம்மாவுக்குச் சொல்லித் தந்தபோது கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிசியோதெரபிஸ்ட் போனதும் அம்மாவிடம் வந்து கேட்டார்: “அக்கா, காலைக் கொஞ்சம் பின்னாடி இழுத்து வைக்கச் சொன்னாரே, அது எதுக்கு?” அந்த வேலையில் அவருக்குப் பதினெட்டு வருடம்.