காசு குடுக்க முன்னம் கொஞ்சம் பொறு தம்பி

போன கிழமை விடுதியில ஒரு ஜூனியர் தம்பி லேப்டொப்பத் தூக்கிக்கொண்டு என்ட அறைக்கு வந்தான். 'வேர்ல்ட் ஒஃப் வோர்ஷிப்ஸ்' விளையாடத் தொடங்கி ரெண்டு கிழமைதான் ஆகுது. “அண்ணன், எந்த பிரீமியம் கப்பல் வாங்கினா நல்லம்? டியூஷன் குடுத்த காசு கொஞ்சம் கிடக்கு” எண்டு கேட்டான். “இப்போதைக்கு ஒண்டும் வாங்காத” எண்டன். முகம் சுருங்கிப் போச்சு. ஏன் அப்படிச் சொன்னன் எண்டத அவனுக்கும் உங்களுக்கும் சேர்த்து எழுதுறன்.

முதல்ல என்ட கதை. நானும் தொடங்கின புதுசில காசு குடுத்து 'திர்பிட்ஸ்' வாங்கினன். ஜெர்மன் போர்க்கப்பல், எட்டாம் படி. பார்க்கவே ராசா மாதிரி இருக்கும். ஆனா இந்த கேம்ல எட்டாம் படிக் கப்பலோட போனா, பத்தாம் படிக் கப்பல்களும் எதிரில வரலாம். அதுகள ஓட்டுறவங்க வருசக்கணக்கா விளையாடுற ஆக்கள். நான் கப்பலைப் பக்கவாட்டில காட்டிக்கொண்டு நிண்டன். மூண்டு நிமிசத்தில முடிஞ்சுது. திர்பிட்ஸில டோர்பிடோ இருக்கெண்டு ஆசைப்பட்டு கிட்டப் போனன். அது 6 கிலோமீற்றர்தான் ஓடும். அந்தத் தூரத்துக்குப் போய்ச் சேர முதலே நான் கடலுக்கடியில. பிழை கப்பல்ல இல்ல, என்னிலதான். வாவியில தோணி வலிக்கத் தெரியாதவன் ஆழ்கடல் வள்ளம் வாங்கின கதை.

பிரீமியம் கப்பல் உண்மையில என்ன தருது எண்டு விளங்கிக்கொண்டா, பாதி ஆசை தானாக் குறையும். கேமுக்குள்ள செலவழிக்கிற கிரெடிட் கூடச் சேரும். அதே நாட்டுக் கப்பல்ல இருக்கிற கப்டனை இதுக்கு மாத்தினா திரும்பப் பயிற்சி குடுக்கத் தேவையில்ல. ரெண்டும் நல்ல விசயம்தான். ஆனா கிரெடிட் தட்டுப்பாடு வாறது மேல் படிகளிலதான். கீழ நிக்கிற ஆளுக்கு அது பெரிய பிரச்சினையே இல்ல. இன்னொண்டு, பலருக்கும் பிந்தித்தான் தெரியவரும்: பிரீமியம் கப்பல்ல உழைக்கிற அனுபவப் புள்ளியில பெரும்பங்கு அடுத்த கப்பலைத் திறக்க உதவாது. அத வேற கப்பலுக்கு மாத்த வேணுமெண்டா 'டப்ளூன்' தேவை. அதாவது பெரும்பாலும் திரும்பவும் காசு.

அதை விட முக்கியம், நீங்க காசு குடுத்து வாங்குற கப்பலின்ட உடன்பிறப்பு சும்மாவே கிடைக்குது. திர்பிட்ஸும் பிஸ்மார்க்கும் ஒரே வகுப்புக் கப்பல்கள். பிஸ்மார்க்கை விளையாடி விளையாடியே எட்டாம் படியில எடுக்கலாம். ஆறாம் படியில பிரீமியமா விக்கிற 'வோர்ஸ்பைட்', குயின் எலிசபெத் வகுப்பைச் சேர்ந்தது. அதே படியில குயின் எலிசபெத்தே இலவச வரிசையில நிக்குது. காசு மிச்சம், அதோட, படிப்படியா ஏறி வரக்குள்ள எங்க ஒளியிறது, எப்ப திரும்புறது, எந்தக் குண்டு எதுக்கு எண்டு கை தானாப் பழகிடும். அந்தப் பழக்கத்த எந்தக் கடையிலயும் விக்கிறதில்ல.

இதச் சொல்லிக்கொண்டு இருக்கக்குள்ள தம்பி கேட்டான், “அப்ப நான் எந்தக் கப்பலைப் பார்த்து ஏறுறது?” நான் ஜன்னலால கடல் பக்கம் கையக் காட்டினன்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மெஸ்' மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்' அதே நாள் மூழ்கியது. ஹெர்மெஸ் இன்றைக்கும் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து சுழியோடிகள் அதைப் பார்க்கத் தேடி வருகிறார்கள். கல்லடிக் கடற்கரையில் குந்தியிருந்து கடலை வறுத்துத் தின்னுற எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த ஹெர்மெஸ் இந்த கேம்ல நாலாம் படியில நிக்குது. அதுக்கு ஒரு சதம் குடுக்கத் தேவையில்ல, பிரித்தானிய வரிசையில ஏறினாப் போதும். வம்பயர் மூண்டாம் படி பிரீமியம். அண்டைக்கு எங்கட கடலுக்கு வந்த ஜப்பானிய விமானந்தாங்கிகளில ஒண்டான 'ஷோக்காக்கு' எட்டாம் படியில, அதுவும் இலவச வரிசையில. வோர்ஸ்பைட்டும் அந்த வருசம் இந்து சமுத்திரத்திலதான், பிரித்தானியக் கிழக்குக் கப்பல்படையின்ட தலைமைக் கப்பலா நிண்டது. கேம்ல தாண்ட கப்பல் அடுத்த சண்டைக்குத் திரும்பி வரும். ஹெர்மெஸ் வரல்ல. அத மனசில வெச்சுக்கொண்டு விளையாடினா, கப்பல் வெறும் விலைப்பட்டியலாத் தெரியாது.

பிரீமியமே வாங்காதீங்க எண்டு நான் சொல்லல்ல. ஆறாம் படி மட்டும் காசில்லாம ஏறுங்க. எந்த நாட்டுக் கப்பல் உங்கட கைக்கு ஒத்து வருது எண்டு பாருங்க. பிறகும் ஆசை இருந்தா, அதே நாட்டில ஆறாம் படியத் தாண்டாத ஒண்ட வாங்குங்க, கப்டனுக்காவது உதவும். பெட்டி வாங்கி அதிஷ்டத்தில கப்பல் எடுக்கிற வேலை மட்டும் வேணாம். அப்படியான பெட்டிகளைத்தான் பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்று சொல்லித் தடுத்தது. வீட்டில இருந்து வாற காசிலயும் மகாபொலயிலயும் மாசம் ஓட்டுற எங்களுக்கு அது சரிப்பட்டு வராது.

தம்பி அண்டைக்குக் காசு குடுக்கல்ல. இப்ப மூண்டாம் படியில நிக்கிறான். ஹெர்மெஸ் எடுத்த அண்டைக்கு பிளேன்டீயும் ரோல்ஸும் தன்ட செலவு எண்டு சொல்லியிருக்கான். டியூஷன் காசுக்கு அதுதான் நல்ல செலவு.