மலைக்கும் வேண்டும் ஒரு தடைக்காலம்

உதகை சென்று வந்த கட்டுரை என்றதும் படிப்பவர் மனத்தில் ஒரு படம் விரிந்துவிடும். மே மாதம், மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு, தொட்டபெட்டா உச்சியில் நின்று எடுத்த புகைப்படம், திரும்பும்போது கையில் வர்க்கிப் பொட்டலம். அந்தக் கட்டுரையை நான் எழுதப் போவதில்லை. நண்பர்கள் நால்வர் சென்றது ஐப்பசியில், தீபாவளி கழிந்து கூட்டமெல்லாம் இறங்கிவிட்ட வாரத்தில். "சீசன் முடிந்த பிறகு அங்கே என்னடா இருக்கிறது?" என்று வீட்டிலும் கேட்டார்கள், வகுப்பிலும் கேட்டார்கள். அதற்கு விடை சொல்லவும், அங்கே எனக்கு உண்டான ஒரு கருத்தை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கவுமே இதை எழுதுகிறேன்.

ஆங்கிலக் கவிதை வகுப்பில் இலையுதிர் காலம் வரும்போதெல்லாம் நாம் தலையாட்டுகிறோமே தவிர, அது என்ன காலம் என்று நமக்குத் தெரியாது. நம் பக்கத்தில் மரங்கள் இலை உதிர்ப்பது வேறு மாதத்தில். ஐப்பசியில் அவை குளித்துவிட்டு நிற்கின்றன. ஆனால் நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பகுத்தபோது ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று பெயரிட்டார்கள். வாடைக் காற்றும் தூறலும் நடுக்கமும் சேர்ந்த காலம் அது. மீஞ்சூரில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து கூதிரை மனப்பாடம் செய்தவன் நான். 2240 மீட்டர் உயரத்தில், ஈரம் காயாத காலுறையோடு நின்றபோதுதான் அந்தச் சொல் எனக்கு உடம்பில் புரிந்தது.

போன வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீஞ்சூரில் புறநகர் ரயில், சென்னையில் நீலகிரி விரைவு வண்டி, விடிந்தால் மேட்டுப்பாளையம். அங்கிருந்து 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போட்ட மலை ரயிலில் ஏற வேண்டும் என்பது எங்கள் கனவு. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் அந்த வண்டியை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பாரம்பரியத்தை மழை மதிக்கவில்லை. பாதையில் மண் சரிந்து வண்டி நின்றிருந்தது. பேருந்தில் போனோம். ஐப்பசியில் போகிறவன் இதற்குத் தயாராகத்தான் போக வேண்டும். 2009 நவம்பரில் அந்த மாவட்டத்தில் பெய்த மழையிலும் மண்சரிவிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

வங்கக் கடலில் நம் கரையைத் தொடும் அதே வடகிழக்குப் பருவ மழைதான் அந்த மலையின் கிழக்குச் சரிவையும் நனைக்கிறது. நமக்கு அது ஆரணியாற்றில் வெள்ளமாக வந்து, ஏரியின் உப்பைக் குறைத்து, முகத்துவாரத்தைத் திறந்துவிடும் மழை. அங்கே அது சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் உரிய மழை.

சோலைக்காடு என்பதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மலை மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சிறு காடு. அதைச் சுற்றி மேடுகளெல்லாம் புல். இந்த இரண்டும் சேர்ந்து பெய்யும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சிறுகச் சிறுக விடுகின்றன. பவானியும் மோயாறும் அப்படி ஊறி வரும் நீர். 'தென்னாட்டுச் சுவிட்சர்லாந்து' என்று விளம்பரப் பலகையில் படித்துவிட்டுச் சென்ற நாங்கள், ஆல்ப்ஸ் மலையில் அக்டோபரில் லார்ச் மரங்கள் பொன்னிறமாவது போல இங்கும் ஏதாவது நிறம் மாறும் என்று தேடினோம். சோலை மரங்கள் அப்படி ஒரேயடியாக இலை உதிர்ப்பவை அல்ல. அவற்றில் சிவப்பு தெரிவது தளிர் விடும்போதுதான். பிறர் நாட்டு இலையுதிர் காலத்தை நம் மலையில் தேடுவதே ஒரு வேடிக்கை.

அந்தத் தேடலைத் தொடங்கி வைத்தவர்கள் வெள்ளையர்கள். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820-களில் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு நகரத்தை எழுப்பினார். ஏரியும் அவர் வெட்டியதே. பின்வந்தவர்கள் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரத்தையும் சீகை மரத்தையும் கொண்டு வந்தார்கள். விடுதலைக்குப் பிறகு நாமும் விடவில்லை. புல்வெளியை வெறும் நிலம் என்று எண்ணி மேலும் மேலும் நட்டோம். இன்று சாலையோரத்தில் 'எவ்வளவு அழகான காடு!' என்று நாம் வியக்கும் இடங்களில் பல, புல் அழிந்த இடங்கள். எருமையை வைத்தே வாழ்வும் வழிபாடும் அமைத்துக்கொண்ட தோடர்களுக்கு அந்தப் புல் போனது எத்தகைய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

சீசன் இல்லாத உதகையில் ஊர் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஸ்வெட்டரும் குடையுமாகப் போனார்கள். கேரட் மூட்டைகள் மண்ணோடு வந்து, இயந்திரத்தில் கழுவப்பட்டு, லாரி ஏறின. தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டிக்கொண்டு மழையிலேயே கொழுந்து கிள்ளினார்கள். மே மாதத்தில் வருகிறவன் இவற்றைப் பார்ப்பதில்லை. முன்னால் நிற்கும் காரின் பின்புறத்தைத்தான் பார்க்கிறான்.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் வைத்த தடை இது. 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளானது. எங்கள் ஏரிக்கரை ஊர்களில் சிறு படகுகளே மிகுதி என்றாலும், காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகும் என் மாமா போன்றவர்களுக்கு அந்த இரண்டு மாதம் வலை பின்னும் காலம், கடன் வாங்கும் காலம். கடல் ஓய்வெடுக்கும் அதே 61 நாட்களில்தான் நாடே திரண்டு மலைமேல் ஏறுகிறது. தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் கோடையில்தான் அந்த மலை மிகுதியான பேருக்குத் தண்ணீர் தர வேண்டியிருக்கிறது. கடலுக்கு ஓய்வு வேண்டும் என்று உணர்ந்த நாம், மலைக்கு ஏன் அதை எண்ணவில்லை?

ஆல்ப்ஸ் மலையூர்களைத்தானே நாம் பின்பற்ற விரும்புகிறோம்? அங்கே செப்டம்பரில் மாடுகளுக்கு மலர் சூட்டி மேய்ச்சல் மேட்டிலிருந்து இறக்குகிறார்கள். அதன்பின் பனிச்சறுக்கு தொடங்கும் வரை பல ஊர்களில் விடுதிகளைப் பூட்டிவிடுகிறார்கள். ஊர் தனக்கென்று சில வாரம் வைத்துக்கொள்கிறது. அவர்களிடமிருந்து ஓட்டுக் கூரையைக் கடன் வாங்கிய நாம் இதை வாங்கவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வெளியூர்ச் சுற்றுலா வண்டிகள் வார நாளில் 6000, வார இறுதியில் 8000 என்று எல்லையும் இடப்பட்டது. பலர் இதைப் பெரிய கொடுமை போலப் பேசுகிறார்கள். எனக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. பழவேற்காட்டு ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடங்களுக்கு எல்லாரும் ஒரே நாளில் போக முடியாது. முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்று இன்னார் என்று வகுத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாதவன் அன்று கரையில் நிற்பான். நாளை அவன் முறை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டன்மார் செய்த ஏற்பாடு அது. இ-பாஸ் என்பது காருக்கு வைத்த பாடு, அவ்வளவே.

மறுப்பும் உண்டு. நாங்கள் தேநீர் குடித்த கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, உங்களுக்கு ஓய்வு, எனக்கு அடுப்பு அணையும். அந்த ரெண்டு மாசத்து வருமானத்துலதான் மீதிப் பத்து மாசம் ஓடுது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கட்டுப்பாட்டை எதிர்த்து அங்கே வணிகர்கள் கடையடைப்பும் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் தடைக்காலம் என்றால் பசி என்று மீனவனுக்கும் தெரியும். அதனால்தான் கடலில் தடை போட்ட அரசு நிவாரணத் தொகையும் தருகிறது. போதாது என்பது வேறு. மலைக்கு ஓய்வு கேட்பவர்கள் அங்குள்ள படகுத் தொழிலாளிக்கும் வண்டியோட்டிக்கும் அந்த நிவாரணத்தைச் சேர்த்தே கேட்க வேண்டும். ஓய்வின் செலவைத் தேநீர்க்கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. அதோடு, நாம் எல்லாரும் மே மாதத்திலேயே போக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? பத்து மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அவர் அடுப்பு பத்து மாதமும் எரியும்.

மலைக்காரர்களுக்கு வந்தது நமக்கும் வரும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். மழைக்காலம் தொடங்கிப் பூநாரைகள் ஏரிக்கு வர, அவற்றின் பின்னே கார்களும் வருகின்றன. ஏரியை அறியாத கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011 டிசம்பர் 25 சாட்சி. உல்லாசமாக வந்தவர்கள் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து அன்று 22 உயிர்கள் போயின. பறவை பார்க்க வருகிறவர்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேர், எந்த மாதம், எந்தக் கரை என்பதை ஏரியைத் தெரிந்தவர்கள் முன்கூட்டியே வகுக்க வேண்டும். உதகை இருநூறு ஆண்டு கழித்து, அதுவும் நீதிமன்றம் சொல்லி, தொடங்கிய கணக்கை நாம் இப்போதே தொடங்கலாம்.

நம் கல்லூரிச் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். தேர்வு முடிந்த கையோடு மலைக்குக் கிளம்பும் வழக்கத்தை மாற்றி, அடுத்த முறை தடைக்காலத்துக்கு வெளியே ஒரு மாதத்தைப் பாருங்கள். ஐப்பசியானால் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் புறப்படலாம். தாவரவியல் துறையிலிருந்து ஒருவர் உடன் வந்தால் சோலைக்காட்டைப் பெயர் சொல்லிக் காட்டுவார். கம்பளியும் குடையும் தவறாமல் வேண்டும். காலுறை மட்டும் மூன்று இணை எடுத்துக்கொள்ளுங்கள்.